ஒரே ஆந்தை, இரண்டு பிள்ளைகள்: சிறுவர் நூலகப் பிரிவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இரண்டு பிள்ளைகளும் ஏழாம் வகுப்பு. ஒரே பள்ளி, ஒரே வகுப்பறை. ஆசிரியர் கொடுத்த வேலையும் ஒன்றுதான்: ஏதாவது ஒரு பறவையைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும், குறைந்தது மூன்று இடங்களிலிருந்து தகவல் எடுத்திருக்க வேண்டும். சிறுவன் ஆந்தையைத் தேர்ந்தெடுத்தான். அவன் எடுத்தான் என்பதால் சிறுமியும் ஆந்தையே என்றாள். சிறுவர் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது தானாக அமைந்த வாய்ப்பு. பறவை ஒன்று, அலமாரி ஒன்று, கெடுவும் ஒன்று. வித்தியாசம் பிள்ளைகளிடம் மட்டும்தான். இருவருடைய பெயரையும், யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

சிறுமி நன்றாக வாசிப்பாள். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் முடிக்காமல் கீழே வைக்கமாட்டாள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தடங்கல் இருக்காது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். அவளுக்கு நூலகத்தில் உதவி தேவைப்படும் என்று வீட்டிலும் யாரும் நினைக்கவில்லை, பள்ளியிலும் யாரும் நினைக்கவில்லை.

சிறுவன் நேர் எதிர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். நீளமான சொல் வந்தால் பாதிவரை போய், மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவான். ‘பறந்துகொண்டிருந்தது’ அவன் வாயில் ‘பறந்தது’ ஆகிவிடும். ஒரு பத்தி முடிவதற்குள் களைத்துப்போவான். ஆனால் பறவை என்றால் உயிர். சிறகு அடிக்கும் விதத்தை வைத்தே இன்ன பறவை என்று சொல்லக்கூடியவன்.

இந்த இருவரையும் பார்த்தால் யாருக்கு உதவி வேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரிகிற மாதிரிதான் இருக்கும். வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படும் ஒரு விளக்கம் உண்டு. 1986-இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் முன்வைத்தது. வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு திறன்கள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்று, அச்சிலிருக்கும் எழுத்தைச் சொல்லாக்கும் திறன். மற்றது, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டையும் அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். ஒன்று பூச்சியம் என்றால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூச்சியம்தான். சிறுவனிடம் முதல் திறன் குறைவு. சிறுமியிடம் இரண்டுமே இருப்பதாகத் தோன்றியது. ஆனால் கதையை விட்டுத் தகவல் நூலுக்கு வந்ததும் ‘இந்தப் பத்தி என்ன சொல்கிறது?’ என்று கேட்டால், பத்தியின் முதல் வரியை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

இங்கே இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒரு சிறிய மைதான மாதிரியில் பொம்மை ஆட்டக்காரர்களை நகர்த்தி, என்ன நடந்தது என்று காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட வெகு நன்றாகச் செய்தார்கள். விஷயம் முன்பே கொஞ்சம் தெரிந்திருப்பது அந்த அளவுக்குக் கைகொடுக்கிறது. இதை மனத்தில் வைத்துத்தான், சிறுவனை ‘பலவீனமான வாசகன்’ என்ற பெட்டியில் உடனே போட்டுவிடாமல் இருந்தேன்.

கேள்வி யாருடையது

சிறுவன் வந்து கேட்டது: “மிஸ், ஆந்தை புக் இருக்கா?”

சிறுமி கேட்டது: “ஆந்தையைப் பத்தி எல்லாமே இருக்கிற புத்தகம் வேணும் மிஸ். ஒரே புத்தகமா இருந்தா நல்லது.”

நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்பதில் பெரும்பகுதி அவர்களுடைய கேள்வியே இல்லை. ஆசிரியர் கேட்டதை அவர்கள் சுமந்துகொண்டு வருகிறார்கள். மெலிசா கிராஸ் என்ற நூலகவியல் ஆய்வாளர் 1995-இல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்: தனக்கே தோன்றிய கேள்வி வேறு, பிறர் ஏற்றிவிட்ட கேள்வி வேறு. பிறருடைய கேள்வியோடு வருகிறவருக்குப் பதில் போதுமானதா என்று தெரியாது, ஏனென்றால் போதும் என்று சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. அதனால்தான் பிள்ளைகள் ‘எல்லாமே இருக்கிற’ புத்தகத்தைக் கேட்கிறார்கள். எது வேண்டும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. பார்த்து எழுதுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதை நாம் சோம்பல் என்கிறோம், சில சமயம் திருட்டு என்றுகூடச் சொல்கிறோம். என் பார்வையில், பத்தியில் எந்த வரி தனக்கு வேண்டும் என்று தெரியாத பிள்ளை முழுப் பத்தியையும் எடுக்கிறது. அவ்வளவுதான்.

அதனால் முதல் நாள் புத்தகம் எடுக்கவே விடவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னேன். ஆந்தையைப் பற்றித் தெரிந்தது, தெரியாதது, கேள்விப்பட்டிருந்தும் நம்ப முடியாதது. முதல் இரண்டு கட்டங்கள் பல வகுப்பறைகளில் புழங்குகிறவைதான். மூன்றாவது எங்கள் பிரிவில் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் அதிகம் யோசிப்பது அதில்தான்.

சிறுவனின் மூன்றாவது கட்டம் உடனே நிரம்பியது. “தலையை முழுசா பின்னாடி திருப்புமாம். கழுத்து ஒடியாதா?” எழுத்துப் பிழையோடுதான் எழுதினான். நான் திருத்தவில்லை.

சிறுமி அழகான கையெழுத்தில் எழுதியது: வாழிடம், உணவு, இனப்பெருக்கம், வகைகள், பயன்கள். பாடப்புத்தகத்தின் துணைத் தலைப்புகள். “இதில் எதற்குப் பதில் தெரியாவிட்டால் உனக்கு உறுத்தும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, “எதுவும் இல்லை மிஸ்” என்றாள். நேர்மையான பதில். அவளுக்குக் கேள்வி வரவில்லை என்றால், கேள்வி வருகிற அளவுக்கு ஆந்தையைப் பற்றி அவள் இன்னும் எதுவும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அவளிடம் படங்கள் நிறைந்த பறவை நூல்கள் சிலவற்றைக் கொடுத்து, குறிப்பெடுக்கக் கூடாது, வெறுமனே புரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புரட்டிக்கொண்டே இருந்தவள் ஒரு படக்குறிப்பில் நின்றாள். ஆந்தை சத்தமில்லாமல் பறக்கும் என்று அதில் இருந்தது. “சத்தமே இல்லைன்னு எப்படித் தெரியும் மிஸ்? யாராவது பக்கத்துல போய்க் கேட்டுப் பார்த்தாங்களா?”

இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியைப் பெரியவர்களிடமும் நான் அதிகம் கேட்டதில்லை. ஒரு செய்தியைக் கேட்டு, அது எப்படித் தெரிய வந்தது என்று கேட்பதற்கு மேல் தகவல் திறன் என்று தனியாக ஒன்றும் இல்லை.

அலமாரிக்கு முன்னால்

நூலகங்களில் நூல்களை எண் வைத்து அடுக்க மெல்வில் டூயி தன் வகைப்பாட்டை வெளியிட்டது 1876-இல். அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக்கி, அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும் முறை. 500 அறிவியல், 590 விலங்குகள், 598 பறவைகள், 598.97 ஆந்தைகள். பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் எழுதி விளக்குவது நேர விரயம். ஒரு எண்ணைக் கையில் கொடுத்து அலமாரிக்கு அனுப்பினால் எங்கே இடறுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சிறுவன் இடறிய இடம் புள்ளிக்கு அடுத்த இலக்கங்கள். பென்குவின்களின் எண் 598.47. கழுகு, ஆந்தை போன்ற இரைக்கொல்லிப் பறவைகள் 598.9-இல் தொடங்கும். 47 பெரிதா 9 பெரிதா என்று கணக்குப் போட்டு, பென்குவின் நூல்கள் கழுகுக்கு வலப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தான். ஆனால் 0.9 என்பது 0.47-ஐவிடப் பெரியது. இதே பிள்ளைகள் கணக்கு வகுப்பில் தசமத்தைச் சரியாகப் போடுவார்கள். நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும் தசமம்தான் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. “ரெண்டுக்கும் ஒரே மாதிரி ரெண்டு இலக்கம் வர்ற மாதிரி எழுது” என்றதும் 598.90 என்று எழுதிப் பார்த்தான். சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு அலமாரியில் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. சிறுமி தடுமாறியபோது அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

கணினிப் பட்டியலில் தேடுவது வேறு வகைச் சிக்கல். ‘ஆந்தை’ என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை கதைப் புத்தகங்கள். எண் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். குறைவாக வந்தால் சொல்லை மாற்ற வேண்டும்: கூகை, இரைக்கொல்லிப் பறவைகள், இரவு விலங்குகள். ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால் ‘இங்கே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவது பிள்ளைகளின் வழக்கம். பெரியவர்களின் வழக்கமும் அதுதான்.

சிறுமியின் கேள்வி அவளை 598-இல் நிறுத்தவில்லை. ஆந்தையின் சிறகைப் பற்றிப் பறவை நூல்கள் சொன்னது இவ்வளவு: முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு, பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மை. இதை யார் கண்டுபிடித்தார்கள், எப்படி என்பது அங்கே இல்லை. “சத்தமில்லாமல் பறப்பதில் வேறு யாருக்கு அக்கறை இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விமானம் என்றாள். 629.13, வேறு மாடம், பெரியவர்கள் பிரிவு. அங்கே இருந்த ஒரு விமானவியல் அறிமுக நூலை இருவரும் சேர்ந்து வாசித்தோம். ஆர். ஆர். கிரஹாம் என்பவர் 1934-இலேயே ஆந்தையின் ஓசையற்ற பறத்தலைப் பற்றி விமானவியல் இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன மூன்று அமைப்புகளையும் அவர் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பறவையைப் பற்றிய பதில் விமான அலமாரியில் கிடைத்ததில் அவளுக்கு ஏற்பட்ட வியப்பு, டூயி முறை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல நல்ல தருணமாக அமைந்தது. நூல்கள் பொருளின் பெயரால் அடுக்கப்படுவதில்லை, எந்தத் துறையின் கண்ணால் பார்க்கிறோம் என்பதால் அடுக்கப்படுகின்றன. ஆந்தை பற்றிய நாட்டார் கதைகள் 398-இல் இருக்கும் என்று சொன்னதும், கேட்காமலே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இந்த இடத்தில் ஒரு தொழில் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பெரியவர்கள் பிரிவில் அதற்கு மறுபேச்சு கிடையாது. சிறுவர் பிரிவில் அதை அப்படியே பின்பற்றினால், தேடும் வேலையைப் பிள்ளையிடமிருந்து நாமே பிடுங்கிக்கொண்டவர்கள் ஆவோம். எந்த நூல் எங்கே என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். பின்னால் வரிசையில் வேறு வாசகர்கள் காத்திருக்கும்போது இன்னும் கஷ்டம். நான் வைத்திருக்கும் நடைமுறை இதுதான்: பிள்ளை தேடிக்கொண்டிருக்கிற வரை விட்டுவிடுவேன். தேடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நிற்க ஆரம்பித்தால் பக்கத்தில் போய், நூலைக் காட்டாமல், அடுத்து எங்கே பார்க்கலாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

வாசிப்பு

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சிறுமி தகவல் நூலை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கதை அப்படித்தான் வாசிக்கப்படும், அவளுக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். ஆந்தை வகைகளின் விவரிப்பிலேயே அவள் பொழுது போய்விட்டது. சிறுவனுக்கோ ஒவ்வொரு வரியும் உழைப்பு. தேவையில்லாத வரியை வாசிக்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைக் காட்டி, “உனக்கு வேண்டிய சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இது சொல்லிவிடும்” என்றதும், அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். “அப்போ எல்லாத்தையும் படிக்க வேண்டாமா?” வேண்டாம். ‘கழுத்து’ என்ற சொல்லைப் பிடித்தான், பக்கத்துக்குப் போனான், படத்தைப் பார்த்தான், படக்குறிப்பை வாசித்தான், அப்புறம் அந்த ஒரு பத்தி. சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் தகவல் நூலை அது வாசிக்கப்பட வேண்டிய விதத்தில் வாசித்தது. இருவரில் யாருக்கு எந்த உதவி என்ற என் கணக்கு இந்த இடத்தில் முழுவதும் மாறிப்போனது.

அந்த ஒரு பத்தியை வாசிக்க அவனுக்குத் துணை தேவைப்பட்டது. இணை வாசிப்பு என்கிற முறையைப் பின்பற்றினோம். கீத் டாப்பிங் என்பவர் பரவலாக்கிய முறை, பெற்றோரும் வீட்டில் செய்யலாம். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்தே சத்தமாக வாசிக்க வேண்டும், பிள்ளையின் வேகத்தில். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றும்போது பிள்ளை மேசையில் ஒரு தட்டு தட்டும், பெரியவர் நிறுத்திவிடுவார். தப்பு வந்தால் நான்கைந்து விநாடி காத்திருக்க வேண்டும். பிள்ளையே திருத்திக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் சொல்லைச் சொல்லி, பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னதும் மறுபடி இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். ‘எழுத்துக்கூட்டு’ என்று அதட்டல் கிடையாது, ‘இதுகூடத் தெரியாதா’ கிடையாது. அவனோடு வாசித்தது கல்லூரியில் படிக்கும் ஒரு தன்னார்வலர். முதலில் அவன் தட்டவே இல்லை. ‘முள்ளெலும்பு’ என்ற சொல் இரண்டாம் முறை வந்தபோது தட்டினான். அந்தச் சொல் அவனுக்கு ஏற்கெனவே தேவைப்பட்ட சொல்.

ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூல் உனக்குக் கடினம் என்று ஒரு முறை புழக்கத்தில் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு நூல் எடுக்கும் பிள்ளைக்கு அது போதும். தேடிப் படிக்கும் பிள்ளைக்கு அதை வாசற்காவலனாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கணக்குப்படி கழுத்தெலும்பு பற்றிய பக்கம் சிறுவனுக்குத் தடை. ஆனால் அவன் அதை வாசித்தான், புரிந்தும் கொண்டான். மனிதனுக்குக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள், ஆந்தைக்குப் பதினான்கு. கண்கள் குழாய் வடிவில் மண்டையோட்டில் அசையாமல் பொருந்தியிருப்பதால், பக்கவாட்டில் பார்க்கத் தலையைத்தான் திருப்பியாக வேண்டும். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான் என்று வேறொரு நூலில் தானாகவே பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னான்.

இரண்டு நூல்கள், இரண்டு எண்கள்

தலையை எவ்வளவு தூரம் திருப்பும் என்பதில்தான் பிரச்சினை வந்தது. ஒரு படநூல் ‘முழு வட்டமாக’ என்றது. இன்னொன்று 270 பாகை என்றது. சிறுவன் இரண்டு நூல்களையும் விரித்து என் மேசையில் வைத்து, “எது மிஸ் கரெக்ட்?” என்றான்.

விடையைச் சொல்லிவிடலாம். சொன்னால், புத்தகத்துக்குப் பதில் என்னை நம்பப் பழகியிருப்பான். அதைவிட, 270 பாகை என்றால் என்ன என்பதே அவனுக்குப் புலப்படவில்லை. கணக்குப் பெட்டியிலிருந்த கோணமானியைச் சிறுமி எடுத்தாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தோளை அசைக்காமல் தலையைத் திருப்பச் சொல்லி, உச்சந்தலைக்கு மேல் கோணமானியைப் பிடித்து அளந்தார்கள். மூக்கின் நுனி தொண்ணூறை எட்டவில்லை. அப்புறம் அவனே நாற்காலியோடு சுழன்று, 270 பாகையில் பார்வை எங்கே போய் நிற்கும் என்று பார்த்தான். வலப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்து, முதுகைக் கடந்து, இடது தோளுக்கு நேராக வந்து நின்றது. “இதைப் பார்த்தா முழுசா சுத்தின மாதிரிதான் தெரியும். அதான் அந்த புக்ல தப்பா எழுதிட்டாங்க போல.” தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்ற ஊகம்வரை அவனே போனான்.

ஊகம் போதாது, மூன்றாவது ஆதாரம் வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் இணையத்துக்குப் போனோம், அதற்கு முன் போகவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதையே மேலிருந்து கீழ்வரை வாசித்து நம்பலாமா என்று முடிவு செய்வது எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரைக் கணினி முன் உட்காரவைத்துக் கவனித்தார்கள். படித்தவர்களான முதல் குழுவும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரம் செலவிடவே இல்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஏழாம் வகுப்புக்கு இதை ஒரே கட்டளையாகச் சுருக்கலாம்: வாசிக்கும் முன் வெளியே போய் விசாரி.

இருவரும் சேர்ந்து விசாரித்தார்கள். 270 என்ற எண் ஒரே வாசகத்தோடு பல தளங்களில் இருந்ததைப் பார்த்து, “இவங்க எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து எழுதியிருக்காங்க, இது ஒரு ஆதாரம்தான்” என்றாள் சிறுமி. பார்த்து எழுதுவதில் அவளுக்கு இருந்த அனுபவம் பயன்பட்ட இடம் இது. கடைசியில் கிடைத்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய செய்தி. 270 பாகை வரை திரும்பும்போது ஆந்தையின் மூளைக்கு இரத்தம் எப்படித் தடைப்படாமல் போகிறது என்பதே அவர்கள் ஆராய்ந்தது. கழுத்தெலும்பில் இரத்தக்குழாய் போகும் துளை, அந்தக் குழாயைவிடப் பத்து மடங்கு அகலம். ‘கழுத்து ஒடியாதா?’ என்ற கேள்விக்கு, அவன் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பதில்.

நடுவழியில்

சிறுமிக்கு நடுவில் ஒரு நாள் எல்லாமே வெறுத்துப்போனது. குறிப்புத் தாள்கள் குவிந்துவிட்டன. சிறகு, விமானம், நாட்டார் கதை, இரையின் எலும்பும் ரோமமும் உருண்டையாக வாய்வழியே வெளிவருவது என்று எல்லாம் இருந்தன, எதுவும் எதோடும் ஒட்டவில்லை. “வேற பறவை மாத்திக்கலாமா மிஸ்?” என்று கண் கலங்கிக் கேட்டாள்.

கரோல் குல்தாவ் என்ற நூலகவியல் ஆய்வாளர் மாணவர்களின் தேடலைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார். தொடங்குதல், தலைப்பை எடுத்தல், துழாவுதல், எதைச் சொல்லப்போகிறோம் என்று தெளிதல், அதற்கானதைச் சேர்த்தல், முன்வைத்தல். தலைப்பு கிடைத்ததும் உற்சாகம் ஏறும். துழாவும் கட்டத்தில் அது சரிந்து குழப்பமும் சந்தேகமும் வரும். தகவல் கூடக்கூட நம்பிக்கை குறைவது அந்தக் கட்டத்தின் இயல்பு. பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முதலில் கிடைத்த பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். நூலகர் பக்கத்தில் இருக்க வேண்டியதும் இந்த இடத்தில்தான். தொடக்கத்தில் எல்லாரும் உதவுகிறார்கள், முடிவில் எல்லாரும் பாராட்டுகிறார்கள், நடுவில் யாரும் இருப்பதில்லை.

தாள்களை மேசை முழுக்கப் பரப்பச் சொன்னேன். “நீ கேட்ட கேள்விக்கு உதவாததை எடுத்துத் தனியாக வை.” எலும்பு உருண்டைத் தாளை எடுத்து வைக்க அவளுக்கு மனமே வரவில்லை. அவள் சேர்த்ததிலேயே சுவையான தகவல் அது. இருந்தும் எடுத்து வைத்தாள். மீதி இருந்தவை பாதிக்கும் குறைவு. பறவை மாற்றும் பேச்சு அத்தோடு போயிற்று.

எழுதியது

குறிப்பெடுப்பதற்கு ஒரே விதி: வாசி, மூடு, சொல், எழுது. புத்தகம் திறந்திருக்கும்போது பேனா தாளில் படக் கூடாது. மூடிய பிறகு சொல்ல முடியாதது புரியாதது, மறுபடி திற. ஒவ்வொரு தாளின் மூலையிலும் நூலின் பெயர், பக்கம். சிறுமிக்கு இது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை புத்தகத்தை மூடிய பிறகும் அதே வாக்கியத்தைத்தான் எழுதும். அவளுக்கு மட்டும், எழுதுவதற்கு முன் சிறுவனிடம் பேச்சுவழக்கில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். அவனுக்குப் புரியாவிட்டால் “என்ன சொல்ற, புரியலை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான்.

சிறுவன் சொல்லச் சொல்லத் தன்னார்வலர் எழுதினார், அவன் வாயில் வந்தபடியே. அப்புறம் அவன் அதை வாசித்தான், எழுத்து நடைக்கு மாற்ற வேண்டிய இடங்களை இருவருமாக மாற்றினார்கள், தன் கையால் படியெடுத்தான். அவன் தடங்கல் குறைவாக வாசித்த பக்கம் அவனுடைய சொந்தப் பக்கம்தான்.

சிறுமியின் கட்டுரை இரண்டு பக்கம், ‘ஆந்தையின் சத்தத்தை அளந்தது யார்?’ என்ற தலைப்பில். சிறுவனுடையது ஒன்றேகால் பக்கம். இரண்டு பக்கம் இல்லை என்று ஆசிரியர் குறித்திருந்தார். முழு வட்டம் என்ற தவறு எப்படி வந்திருக்கும் என்று அவன் எழுதியிருந்த பத்தியின் ஓரத்திலும் ஒரு சரி போட்டிருந்தார்.

இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம்

இரண்டு பிள்ளைகள், ஒரு தலைப்பு. இதை வைத்துப் பொதுவிதி எதுவும் சொல்ல முடியாது. பறவைமேல் பைத்தியமாக இல்லாத ஒரு பின்தங்கிய வாசகனுக்கு இதே வழி பலித்திருக்குமா என்பது தனிக் கேள்வி. தன்னார்வலர் கிடைத்தது ஒரு வசதி, பல இடங்களில் அது இருக்காது. ஆனாலும் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். வாசிப்புத் திறனை முதலில் வளர்த்துவிட்டு ஆய்வுத் திறனைப் பிறகு பார்க்கலாம் என்ற வரிசை இந்த இருவரிடமும் செல்லுபடியாகவில்லை. அவன் தேடியதால்தான் வாசித்தான். அவளுக்கு வாசிப்பு கைவசம் இருந்தும், கேள்வி வருகிற வரை அது அவளை எங்கும் கொண்டுபோகவில்லை.

தீராமல் நிற்பது சிறுவனின் எழுத்துக்கூட்டல். இணை வாசிப்பு அவனுக்குத் தெம்பு கொடுத்தது, அடிப்படைக் குறையைத் தீர்க்கவில்லை. அது நூலகத்தில் தீர்கிற விஷயமும் இல்லை. இந்த வயதில் இவ்வளவு தடுமாற்றம் என்றால், வாசிப்புக் குறைபாடு உண்டா என்று முறையாகச் சோதித்து, எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சொல்லித்தரும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அவன் அம்மாவிடம் அதைச் சொன்னபோது, “பறவை புத்தகமெல்லாம் வாசிக்கிறானே மேடம்” என்றார். வாசிக்கிறான்தான், அதனாலேயே இந்தக் குறை இன்னும் சில வருடம் கண்ணில் படாமல் போகலாம் என்று விளக்கினேன். சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். தேதி இன்னும் கிடைக்கவில்லை.